தேங்கிய நீரும் தோற்ற படைகளும்



நாம் வாழும் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம் ஆகிய ஊர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் போர்க்களங்களின் பெயர்களாகவே அதிகம் இடம்பெற்றுள்ளன. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தென்னகத்தின் ஆட்சிக்காகப் பொருதிய காலத்தில் இந்த வயல்வெளிகளில்தான் கூடாரங்கள் எழுந்தன, பீரங்கிகள் உருண்டன. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கடல் கடந்து சென்ற ‘சொல்தா’க்களின் வழிவந்த குடும்பங்கள் இன்றும் நம் பகுதியில் உண்டு. ஆனால் அந்தப் போர்களைப் பற்றிப் பேசும்போது தளபதிகளையும் கோட்டைகளையும் சொல்லிவிட்டு, இரு தரப்பையும் வீழ்த்திய மூன்றாவது பகைவனைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அவனுக்குக் கொடி இல்லை, வாள் இல்லை. தேங்கிய நீரும் கழிவும் எலி வளையும்தான் அவனுடைய பாசறைகள்.

படைகள் அந்தப் பகைவனை அறிந்துகொண்ட வரலாறு நம் வீட்டு முற்றத்திற்கும் பாடம் சொல்கிறது. அதையே இக்கட்டுரையில் காண்போம்.

1748: அரியாங்குப்பம் முதல் சதுப்பு வரை

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அதற்குப் பழிதீர்க்க 1748இல் கடற்படைத் தளபதி போஸ்கவன் பெருங்கப்பற்படையோடு கடலூர் வந்து சேர்ந்தார். அங்கிருந்து ஆகஸ்ட் மாதத்தில் படை புதுச்சேரியை நோக்கி நகர்ந்தது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ராபர்ட் கிளைவ் அப்போது கீழ்நிலை அதிகாரியாக அந்தப் படையில் இருந்தார்.

வழியில் நின்றது அரியாங்குப்பம் கோட்டை. சிறு கோட்டைதான் என்றாலும் அதற்கு முன்னால் பல நாட்கள் வீணாயின. மேஜர் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். பின்னர் கோட்டைக்குள்ளிருந்த வெடிமருந்து தீப்பற்றி வெடித்ததால் பிரெஞ்சுக்காரர் அதைக் கைவிட்டனர். ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது. ஆங்கிலப் படை நகருக்கு மேற்கே வந்து பதுங்குகுழிகளை வெட்டியபோது, மதிலுக்கு முன்னிருந்த சதுப்பு நிலம் நெருங்க விடவில்லை. ஏறத்தாழ 1500 கஜத் தொலைவிலிருந்தே குழி வெட்டத் தொடங்க வேண்டியதாயிற்று. அவ்வளவு தொலைவிலிருந்து எறிந்த குண்டு மதிலுக்குப் பெரிய சேதம் விளைவிக்கவில்லை.

பிறகு வடகிழக்குப் பருவமழை வந்தது. ஐப்பசி மழையில் நம் ஊர்கள் எப்படியிருக்கும் என்பதை நாமே அறிவோம். ஆறு பெருகும், வயல் நிரம்பும், பள்ளமெல்லாம் குளமாகும். அந்த நீருக்கு நடுவில், நனைந்த கூடாரங்களில், ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் உண்டு, உறங்கி, கழித்து வாழ்ந்தனர். நோய் பரவியது. மழையையும் நோயையும் கருதிப் போர் ஆலோசனைக் குழு முற்றுகையைக் கைவிட முடிவு செய்தது. அக்டோபரில் படை கடலூருக்குத் திரும்பியபோது அதன் ஐரோப்பியருள் 1,065 பேர் உயிரோடு இல்லை. குண்டுபட்டு மாண்டோரும் அதில் உண்டு. நோயில் மாண்டோரும் உண்டு. முற்றுகைக்குள்ளாகியிருந்த பிரெஞ்சுத் தரப்பிலோ சுமார் 200 ஐரோப்பியரும் 50 சிப்பாய்களுமே இழப்பு. நகருக்குள் துய்ப்ளே வெற்றி விழா கொண்டாடினார்.

12 ஆண்டுகள் கழித்து, 1760 ஜூலையில், அயர் கூட் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தார். புதுச்சேரிக்கு உதவ ஹைதர் அலியின் மைசூர்ப் படையும் வந்திருந்த நேரம் அது. உணவு வரும் வழிகளை அடைத்துப் பட்டினி போட்டே 1761 ஜனவரியில் நகரைப் பணிய வைத்தார்கள். மதில் வலியது என்று நம்பியவர்களைப் பசி வென்றது. படை பெரியது என்று நம்பியவர்களை அதற்கு முன்பே மழையும் நோயும் வென்றிருந்தன.

போரில்லாத நாளிலும் மரணம்

போர் முடிந்தால் மரணம் நின்றுவிடும் என்று எண்ணுவோம். நிற்கவில்லை. 1857க்குப் பிறகு இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் உடல்நலத்தை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1863இல் வெளியான அதன் அறிக்கை, பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் மடிந்துவந்தனர் என்று காட்டியது. காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, கல்லீரல் நோய், காலரா ஆகியவையே முதன்மைக் காரணங்கள். பாசறைகளின் குடிநீரும் கழிவும் எந்நிலையில் இருந்தன என்பதைப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஊர் ஊராகப் பெற்ற பதில்களைக் கொண்டு எடுத்துரைத்தார்.

ஆனால் காய்ச்சல் எப்படி வருகிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது. சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என்று நம்பினர். ‘மலேரியா’ என்ற சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதுதான். சதுப்புக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்ற வரையில் அவர்கள் சொன்னது சரி. அந்தத் தொடர்பு காற்றில் இல்லை, கொசுவின் கொடுக்கில் இருக்கிறது என்பதைக் கண்டறியத்தான் நெடுங்காலம் பிடித்தது.

படை மருத்துவர்கள் மூவர்

கண்டறிந்தவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், 1880 நவம்பரில், காய்ச்சல் கண்ட சிப்பாயின் குருதியில் மலேரியா நுண்ணுயிரை முதன்முதலில் கண்டவர் லாவரான். அவர் பிரெஞ்சுப் படையின் மருத்துவர். கொசுவின் வயிற்றில் அந்த நுண்ணுயிர் வளர்வதை 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் கண்டவர் ரொனால்ட் ராஸ். அவர் இந்திய மருத்துவப் பணியின் அதிகாரி. பிளேக் நோயை எலியிலிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதை 1898இல் கராச்சியில் நிறுவிய சிமோனும் பிரெஞ்சுப் படை மருத்துவத் துறையைச் சேர்ந்தவரே. படையைக் காக்க வேண்டும் என்ற நெருக்கடியில் பிறந்த அறிவு, பின்னர் உலகம் முழுவதற்கும் பொதுவாயிற்று.

இந்த வரலாற்றில் நம்மவர் இருவரின் பெயர்களும் உண்டு. ராஸின் ஆய்வுக்காகத் தம் உடலில் கொசுக்களைக் கடிக்கவிட்ட மலேரியா நோயாளியின் பெயர் ஹுசைன் கான். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா அவருக்குக் கூலியாகத் தரப்பட்டது. அந்தக் கொசுக்களில்தான் ராஸ் தேடியது கிடைத்தது. பின்னர் கல்கத்தாவில் பறவை மலேரியாவைக் கொண்டு கொசுவே நோயைக் கடத்துகிறது என்று ராஸ் முழுமையாக நிறுவியபோது அவருக்கு உதவியாளராக இருந்தவர் முஹம்மது பக்ஸ். ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹுசைன் கானுக்குக் கிடைத்தது சில அணாக்கள். ஆனாலும் அந்த எளிய மனிதரின் உடலைத் தொட்டே உலகத்தின் ஐயம் தீர்ந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

மியான் மீர் தந்த பாடம்

காரணம் தெரிந்துவிட்டது, இனி எளிது என்று பலர் எண்ணினர். லாகூருக்கு அருகே, இறைநேசர் மியான் மீர் அவர்களின் பெயரால் அழைக்கப்பட்ட இராணுவக் குடியிருப்பில் 1902 முதல் சோதனை நடந்தது. குட்டைகளைத் தூர்த்தார்கள், எண்ணெய் தெளித்தார்கள், கால்வாய்களைச் சீராக்கினார்கள். ஆயினும் எதிர்பார்த்த அளவுக்குக் காய்ச்சல் குறையவில்லை. குடியிருப்பின் எல்லைக்கு அப்பால் பாசனக் கால்வாய்களும் நீர் தேங்கிய நிலங்களும் இருந்தன. கொசுவுக்கு எல்லைக்கல் தெரியாது. போதிய பணமும் ஆளும் இல்லாமல் அரைகுறையாகச் செய்துவிட்டுத் தோல்வி என்கிறார்கள் என்று ராஸ் வாதிட்டார். இந்த முறையே நடைமுறைக்கு ஒவ்வாது என்று மற்றோர் தரப்பு வாதிட்டது.

வாதம் எப்படியிருந்தாலும் உண்மை ஒன்று வெளிப்பட்டது. தன் வேலிக்குள் மட்டும் தூய்மை செய்பவன் பக்கத்து நிலத்துக் கொசுவிடமிருந்து தப்ப முடியாது. தெருவில் ஒன்பது வீட்டார் நீர்த்தொட்டியை மூடி, பத்தாவது வீட்டார் திறந்து வைத்தால், அந்தப் பத்தாவது தொட்டி தெரு முழுவதற்கும் போதும்.

பர்மாக் காடுகளில்

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பாடம் பெருவிலை கொடுத்துக் கற்கப்பட்டது. பர்மா எல்லையில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற 14ஆவது படையில் இந்தியச் சிப்பாய்களே பெரும்பான்மையினர். முஸ்லிம்களும் தமிழர்களும் அதில் இருந்தனர். அதன் தளபதி ஸ்லிம் பின்னர் எழுதியதன்படி, 1943இல் போரில் காயமுற்று வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு, நோயுற்று வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். மலேரியாவின் ஆண்டு விகிதம் மட்டுமே படையின் மொத்த எண்ணிக்கையில் 84 விழுக்காடு. இந்த வேகத்தில் போனால் எதிரி சுடாமலேயே படை கரைந்துவிடும் என்ற நிலை.

ஸ்லிம் செய்தவை மூன்று. நோயாளிகளைத் தொலைதூர மருத்துவமனைகளுக்கு அனுப்பாமல் போர்முனைக்கு அருகிலேயே சிகிச்சை தரும் பிரிவுகளை அமைத்தார். கொசு ஒழிப்புக்கென்று தனிப் பிரிவுகள் இயங்கின. மாலை மங்கியதும் முழுக்கை சட்டையும் நீளக் கால்சட்டையும் அணிவது கட்டாயமாயிற்று. அன்றாடம் மெபாகிரின் மாத்திரை விழுங்குவதும் கட்டாயமாயிற்று. அந்த மாத்திரை தோலை மஞ்சளாக்கும். ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தியும் பரவியிருந்ததால் பலர் விழுங்காமல் தவிர்த்தனர். எனவே ஸ்லிம் முன்னறிவிப்பின்றிச் சோதனை நடத்தினார். ஒரு படைப்பிரிவில் மருந்து உட்கொண்டோர் 95 விழுக்காட்டுக்குக் குறைந்திருந்தால் சிப்பாயைத் தண்டிக்கவில்லை. அந்தப் பிரிவின் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கினார். மூவரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1945இல் நோயுறுவோர் விகிதம் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. பர்மாவை மீட்டது துப்பாக்கி மட்டுமல்ல, இந்த ஒழுங்கும்தான்.

போரின் இறுதியில் டி.டி.டி. வந்தது. விடுதலைக்குப் பின் நம் அரசு 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1947இல் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாகி 8 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்பட்ட நாட்டில், 1965இல் நோயாளிகள் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தனர். வென்றுவிட்டோம் என்று கவனம் தளர்ந்தது. கொசுவும் மருந்துக்குப் பழகிவிட்டது. 1976இல் மீண்டும் 64 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மருந்தை மட்டும் நம்பி ஒழுங்கைக் கைவிட்டதன் விளைவு அது.

கூஃபாவும் அம்வாஸும்

நம் மஹல்லாக்களில் சிலர் சொல்வதுண்டு: “நோய் அல்லாஹ்வின் நாட்டம், கொசுவை ஒழித்து விதியை மாற்றிவிட முடியுமா?” இவ்வினாவுக்கு நம் முன்னோரின் படை வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், மதாயின் வெற்றிக்குப் பிறகு, ஈராக்கில் தங்கிய அரபுப் படையினர் மெலிந்து நிறம் மாறினர். அங்கிருந்து வந்த தூதுக்குழுவின் முகங்களைக் கண்டே கலீஃபா காரணம் விசாரித்தார்கள். அந்த நிலத்தின் தன்மை ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. அன்பாரில் தங்க முயன்றபோது ஈக்களின் தொல்லை தாங்க முடியாததாக இருந்தது என்று பலாதுரீ பதிவு செய்துள்ளார். ஒட்டகத்துக்கு ஒத்துக்கொள்ளும் நிலமே அரபுகளுக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற கருத்தில் கலீஃபா, ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு எழுதினார்கள். ஸல்மான் ஃபார்ஸி (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகியோர் இடம் தேடிச் சென்றனர். அவ்வாறு ஹிஜ்ரி 17இல் எழுந்த நகரமே கூஃபா. பிற்காலத்தில் ஃபிக்ஹின் கருவூலமாக விளங்கிய அந்நகரம், படையினரின் உடல்நலத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலத்தில்தான் பிறந்தது.

ஹிஜ்ரி 18இல் ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் படையைத் தாக்கியது. உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடம் வரை வந்து, ஆலோசனை செய்து, திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடையளித்தார்கள். கொள்ளைநோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அவ்வூரிலிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அங்கு எடுத்துரைத்தார்கள். தாழ்வான ஈர நிலத்திலிருந்து படையை உயர்ந்த நிலத்துக்கு நகர்த்தும்படியும் கலீஃபா எழுதினார்கள். அபூ உபைதா (ரலி) அந்நோயிலேயே மறைந்தார்கள். பின்னர் பொறுப்பேற்ற அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) மக்களை மலைகளில் பிரிந்து தங்கச் செய்தார்கள், நோய் தணிந்தது.

தக்தீரை நம்புவதும் காரணங்களைக் கையாள்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை ஸஹாபாக்கள் வாழ்ந்து காட்டினர். இரவில் பாத்திரங்களை மூடிவைக்கும்படியும், தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்க வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். நீரைப் பேணுவது நம் மார்க்கத்தில் ஓர் ஒழுக்கம். அதைப் பள்ளிவாசலில் ஓதிவிட்டு வீட்டில் மறந்துவிடலாகாது.

நம் ஊரின் போர்முனை

மலேரியா மீண்டும் தலைதூக்கிய அந்த ஆண்டுகளில், 1975இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோய் கடத்தும் பூச்சிகளை ஆராயும் மையத்தை நம் புதுச்சேரியில் நிறுவியது. யானைக்கால் நோய் பரவியிருந்த ஊர் இது. 1981 முதல் ஐந்தாண்டுகள் அம்மையம் நகரில் நடத்திய திட்டம், மருந்து தெளிப்பதை மட்டும் நம்பவில்லை. சாக்கடைகளைச் சீராக்கி, பள்ளங்களைத் தூர்த்து, புழுவை உண்ணும் மீன்களை விட்டு, மக்களையும் உடன் சேர்த்துக்கொண்டது. கடலோரச் சிற்றூர்களில் சவுக்குக் கன்றுகளுக்கு நீர் ஊற்றத் தோண்டிய குழிகளில் கொசு பெருகுவதைக் கண்டு, அவற்றில் மீன் வளர்க்க ஊராருக்குக் கற்றுத்தந்தது. கொசுப்புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியாவைக் கொண்டு மருந்தும் உருவாக்கியது. போஸ்கவனின் படை சேற்றில் சிக்கிய மண்ணிலேயே அந்த மூன்றாம் பகைவனை ஆராயும் கூடம் எழுந்திருப்பது நாம் நினைத்துப் பார்க்கத்தக்கது.

இன்று நம் வீதிகளில் அஞ்ச வேண்டியது டெங்கு. அதைக் கடத்தும் கொசு சதுப்பைத் தேடுவதில்லை. மூடாத சின்டெக்ஸ் தொட்டி, பூச்சட்டியின் தட்டு, குளிர்பெட்டியின் பின்புறத் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், உடைந்த குடம் ஆகியவற்றின் தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் பிடிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை எல்லா நீரையும் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் காயவைத்தால் அந்தத் தலைமுறை பறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். நமக்கு வாரம் தவறாமல் வரும் நாள் ஒன்று உண்டு. ஜும்ஆவுக்குக் குளித்து நறுமணம் பூசி வெளியேறும் முன், வீட்டின் தொட்டிகளை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வோம்.

பள்ளிவாசலின் ஹவ்ளுக்கும் இதே கவனம் வேண்டும். ஹவ்ளில் மீன் விடுவது நம் பெரியவர்களின் பழைய வழக்கம். மீன் வாழ்வதால் நீரின் தூய்மை கெடுவதில்லை; புழு அழிகிறது. கழிப்பிடத் தொட்டியின் காற்றுக்குழாய்க்கு வலை கட்டுவதும், மதரஸா மாடியில் மழைநீர் தேங்காமல் பார்ப்பதும் மோதினாரின் வேலை மட்டும் என்று விட்டுவிடாமல், ஜமாஅத் நிர்வாகம் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும். ஸ்லிம் சிப்பாயை விட்டுவிட்டுத் தலைவரைக் கேட்டார் என்பதை நிர்வாகிகள் நினைவில் கொள்ளட்டும். நம் வீட்டைச் சுற்றி வாழும் மாற்று மத அண்டை வீட்டாரையும் சேர்த்தே இது நடக்க வேண்டும். மியான் மீர் சொன்னது அதைத்தான். அண்டை வீட்டார் நம் தீங்கிலிருந்து அச்சமற்று இருக்க வேண்டும் என்பது நபியின் கட்டளை. நம் தொட்டியில் பிறந்த கொசு அவர்கள் பிள்ளையைக் கடித்தால் அதுவும் நம்மிடமிருந்து சென்ற தீங்கே.

இவ்வாண்டும் மழை வரும், ஏரி நிரம்பும், அது அல்லாஹ்வின் ரஹ்மத். அந்த ரஹ்மத்தை நம் கவனக்குறைவால் நோயாக்கிக்கொள்ளாமல் இருப்பது நம் கடமை. யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளையும் எங்கள் ஊரார் அனைவரின் பிள்ளைகளையும் கொள்ளைநோய்களிலிருந்து காப்பாயாக. நீ தந்த அறிவைக் கொண்டு செயல்படும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.